சூப்பர் கோப்பை (இந்தியக் கால்பந்து)

சூப்பர் கோப்பை என்பது இந்தியாவின் தொழில்முறைக் கால்பந்துக் கழகங்களுக்காக அனைத்திந்திய கால்பந்துக் கூட்டமைப்பு நடத்தும் தேசிய அளவிலான கோப்பைப் போட்டியாகும். நாற்பது ஆண்டுகள் நடைபெற்ற கூட்டமைப்புக் கோப்பைக்கு மாற்றாக 2018ஆம் ஆண்டு இது தொடங்கப்பட்டது. 2025 திசம்பர் வரை ஆறு முறை நடைபெற்றுள்ளது. மூன்று முறை வென்ற எஃப். சி. கோவா மிகுந்த வெற்றி பெற்ற கழகமாகும்.

கூட்டிணைவுப் போட்டியில் (லீக்) ஒரு கழகம் பல மாதங்கள் ஆடிச் சேர்க்கும் புள்ளிகளே வாகையரைத் தீர்மானிக்கின்றன. வெளியேற்றப் போட்டியில் (நாக்-அவுட்) தோற்ற அணி அன்றே வெளியேறும். எனவே வலிமை குறைந்த கழகமும் சில நல்ல நாட்களைக் கொண்டு கோப்பையை எட்ட இயலும். பல நாடுகளில் கூட்டிணைவும் கோப்பையும் அருகருகே நடைபெறுவதற்கு இதுவே காரணம். இந்தியாவின் சூப்பர் கோப்பையோ எட்டு ஆண்டுகளில் அமைப்பு, காலம், இடம், பரிசு ஆகிய நான்கிலும் நிலைபெறவில்லை. அதன் பின்னணியையும் விளைவுகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

முன்னோடி: கூட்டமைப்புக் கோப்பை

இந்தியாவில் வெளியேற்றப் போட்டிகளுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1888ஆம் ஆண்டு சிம்லாவில் தொடங்கிய டூரண்ட் கோப்பை, மும்பையின் ரோவர்ஸ் கோப்பை, கொல்கத்தாவின் ஐ. எஃப். ஏ. கேடயம் ஆகியவை பழமையானவை. ஆயினும் இவை அழைக்கப்பட்ட அணிகள் ஆடிய போட்டிகளே. நாட்டின் சிறந்த கழகம் எது என்பதை முடிவு செய்யும் நோக்குடன் தேசியக் கூட்டமைப்பே நடத்திய போட்டி கூட்டமைப்புக் கோப்பையாகும்.

முதற்போட்டி 1977ஆம் ஆண்டு எர்ணாகுளத்தில் நடைபெற்றது. பெங்களூரைச் சேர்ந்த இந்தியத் தொலைபேசித் தொழிற்சாலை (ஐ. டி. ஐ.) அணி இறுதியாட்டத்தில் மோகன் பகானை வென்றது. அடுத்த ஆண்டு கோயம்புத்தூரில் நடைபெற்ற இறுதியாட்டம் கோலின்றி முடிந்ததால் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் கோப்பையைப் பகிர்ந்துகொண்டன. 1997 சூலை 13 அன்று கொல்கத்தா சால்ட் லேக் அரங்கில் இவ்விரு கழகங்களும் மோதிய அரையிறுதியை 1,31,000க்கும் மேற்பட்டோர் நேரில் கண்டனர். பாய்ச்சுங் பூட்டியா மூன்று கோல்கள் அடிக்க, ஈஸ்ட் பெங்கால் 4–1 என வென்றது. இந்திய விளையாட்டு வரலாற்றில் மிகுந்த பார்வையாளர்களை ஈர்த்த ஆட்டங்களுள் இதுவும் ஒன்று.

1996இல் தேசியக் கால்பந்துக் கூட்டிணைவு தொடங்கிய பின் கூட்டமைப்புக் கோப்பையின் முதன்மை குறைந்தது. எனினும் வாகையருக்கு ஆசியப் போட்டியில் இடம் கிடைத்ததால் அதன் மதிப்பு முற்றிலும் அழியவில்லை. கடைசிப் போட்டியின் இறுதியாட்டம் 2017 மே 21 அன்று கட்டாக்கில் நடைபெற்றது. சி. கே. வினீத் கூடுதல் நேரத்தில் அடித்த இரு கோல்களால் பெங்களூரு எஃப். சி. மோகன் பகானை 2–0 என வென்றது.

தோற்றம்

2017–18 பருவத்தில் இந்தியாவில் இரண்டு தேசியக் கூட்டிணைவுகள் ஒரே காலத்தில் நடைபெற்றன. ஒன்று 2007இல் தொடங்கிய ஐ-லீக். மற்றொன்று 2014இல் தனியார் முதலீட்டுடன் தொடங்கிய இந்தியன் சூப்பர் லீக். ஒன்றில் ஆடிய கழகம் மற்றொன்றில் ஆடிய கழகத்தைச் சந்திக்க வழியில்லை. இரு தரப்பையும் ஒரே களத்தில் இறக்கும் போட்டியாகவே சூப்பர் கோப்பை அமைக்கப்பட்டது.

2018இல் ஒவ்வொரு கூட்டிணைவிலும் முதல் ஆறு இடங்களைப் பெற்ற கழகங்கள் நேரடியாகவும், எஞ்சியவற்றுள் நான்கு தகுதிச் சுற்றின் வழியாகவும் பதினாறு அணிகள் கொண்ட முதன்மைச் சுற்றுக்கு வந்தன. எல்லா ஆட்டங்களும் புவனேசுவரம் கலிங்கா விளையாட்டரங்கில் நடைபெற்றன. அவ்வாண்டு இந்தியன் சூப்பர் லீக் வாகையரான சென்னையின் எஃப். சி. முதலாட்டத்திலேயே ஐசோல் எஃப். சி.யிடம் சமன்நீக்கி உதைகளில் தோற்று வெளியேறியது. அரையிறுதிக்கு வந்த நான்கு கழகங்களுள் இரண்டு ஐ-லீக்கைச் சேர்ந்தவை. இரு கூட்டிணைவுகளுக்கும் இடையே கருதப்பட்ட அளவு தர வேறுபாடு உண்டா என்ற வினாவை இம்முடிவுகள் எழுப்பின.

இறுதிப் போட்டிகள்

* 2018, புவனேசுவரம்: பெங்களூரு எஃப். சி. 4–1 ஈஸ்ட் பெங்கால்
* 2019, புவனேசுவரம்: எஃப். சி. கோவா 2–1 சென்னையின் எஃப். சி.
* 2023, கோழிக்கோடு: ஒடிசா எஃப். சி. 2–1 பெங்களூரு எஃப். சி.
* 2024, புவனேசுவரம்: ஈஸ்ட் பெங்கால் 3–2 ஒடிசா எஃப். சி. (கூடுதல் நேரம்)
* 2025 மே, புவனேசுவரம்: எஃப். சி. கோவா 3–0 ஜம்சேத்பூர் எஃப். சி.
* 2025 திசம்பர், மட்காவ்: எஃப். சி. கோவா 0–0 ஈஸ்ட் பெங்கால் (சமன்நீக்கி 6–5)

2020, 2021, 2022 ஆகிய மூன்று ஆண்டுகளில் போட்டி நடைபெறவில்லை. கோப்பையை வென்ற எல்லாக் கழகங்களும் வெற்றியின்போது இந்தியன் சூப்பர் லீக்கைச் சேர்ந்தவை. ஐ-லீக் கழகமாக இறுதிக்கு வந்தது 2018இல் ஈஸ்ட் பெங்கால் மட்டுமே.

2019ஆம் ஆண்டுப் புறக்கணிப்பு

இரண்டாவது போட்டி தொடங்கும் முன்பே சிக்கல் எழுந்தது. ஐ-லீக்கின் எதிர்காலம் குறித்துத் தேசியக் கூட்டமைப்பின் தலைவருடன் பேச வேண்டும் எனக் கோரிய ஐ-லீக் கழகங்கள் பல, சூப்பர் கோப்பையில் ஆடப்போவதில்லை என அறிவித்தன. மினர்வா பஞ்சாப், கோகுலம் கேரளா, ஐசோல், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் முதலியவை களமிறங்கவில்லை. அவற்றுக்கு எதிராக ஆடவிருந்த அணிகள் ஆடாமலேயே அடுத்த சுற்றுக்குச் சென்றன.

இரு கூட்டிணைவுகளையும் இணைக்கும் பாலமாகக் கருதப்பட்ட போட்டியே அவற்றின் பிணக்கு வெளிப்படும் இடமாகியது. அதே ஆண்டு அக்டோபரில் இந்தியன் சூப்பர் லீக் நாட்டின் முதல்நிலைக் கூட்டிணைவாகவும் ஐ-லீக் இரண்டாம் நிலையாகவும் வகுக்கப்பட்டன. 2020இல் கொல்கத்தாவின் இரு பெருங்கழகங்களும் இந்தியன் சூப்பர் லீக்குக்குச் சென்றன. கோப்பைத் தொடருக்கு முதலில் கூறப்பட்ட காரணம் இத்துடன் வலுவிழந்தது. புதிய காரணம் ஒன்று தேவைப்பட்டது.

ஆசியத் தகுதி

முதலிரு போட்டிகளின் வாகையர்களுக்கு ஆசியக் கழகப் போட்டிகளில் நேரடி இடம் எதுவும் கிடைக்கவில்லை. வென்றவருக்குக் கிடைத்தது கோப்பையும் பரிசுத் தொகையும் மட்டுமே. பருவத்தின் இறுதியில், வெளிநாட்டு ஆட்டக்காரர்களின் ஒப்பந்தங்கள் முடியும் வேளையில், ஏப்ரல் வெயிலில் ஆடவேண்டிய போட்டிக்கு இது போதிய ஈர்ப்பாக அமையவில்லை.

2023இல் இந்நிலை மாறியது. வாகையரான ஒடிசா எஃப். சி., கோகுலம் கேரளாவுடன் ஆடிய தகுதியாட்டத்திலும் வென்று ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்புக் கோப்பையில் இடம்பெற்றது. 2024இல் வென்ற ஈஸ்ட் பெங்கால் ஆசிய வாகையர் கூட்டிணைவு-இரண்டின் முதனிலைச் சுற்றில் துருக்மெனிஸ்தானின் ஆல்டின் அசிர் கழகத்திடம் தோற்றபோதிலும், அதற்கு அடுத்த நிலையிலுள்ள ஆசிய சேலஞ்ச் லீக்கில் காலிறுதி வரை சென்றது.

இத்தகுதியின் பயனை மிகத் தெளிவாகக் காட்டியது எஃப். சி. கோவா ஆகும். 2025 ஏப்ரல், மே மாதங்களில் இக்கழகம் நான்கு ஆட்டங்களில் வென்று கோப்பையைப் பெற்றது. ஆகஸ்டில் ஓமானின் அல்-சீப் கழகத்தை 2–1 என வென்று ஆசிய வாகையர் கூட்டிணைவு-இரண்டின் குழுநிலைக்குச் சென்றது. அக்டோபர் 22 அன்று சவூதி அரேபியாவின் அல்-நசர் மட்காவுக்கு வந்து ஆடி 2–1 என வென்றது. கிறிஸ்டியானோ ரொனால்டோ அவ்வணியுடன் வரவில்லை. எனினும் சாடியோ மானே, ஜொவாவோ பெலிக்ஸ் போன்றோரைக் கொண்ட ஒரு கழகம் கோவாவில் ஆடுவதற்கு வழிவகுத்தவை புவனேசுவரத்தில் பெற்ற அந்த நான்கு வெற்றிகளே.

போட்டி அமைப்பில் ஏற்பட்ட மாற்றங்கள்

சூப்பர் கோப்பை மூன்று முறை நேரடி வெளியேற்றப் போட்டியாகவும் (2018, 2019, 2025 ஏப்ரல்), மூன்று முறை குழுநிலைப் போட்டியாகவும் (2023, 2024, 2025 அக்டோபர்) நடைபெற்றது. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை எளிய கணக்கில் காணலாம்.

நேரடி வெளியேற்றப் போட்டியில் ஒவ்வோர் ஆட்டமும் ஓர் அணியை வெளியேற்றும். எனவே பதினாறு அணிகளுக்கு பதினைந்து ஆட்டங்கள் போதும். அவற்றுள் எட்டு அணிகள் ஒரே ஆட்டத்துடன் வீடு திரும்பும். குழுநிலையில் நான்கு அணிகள் கொண்ட நான்கு குழுக்கள் அமைக்கப்பட்டு, குழு முதல்வர்கள் மட்டும் அரையிறுதிக்குச் செல்வர். இதற்கு குழுநிலையில் 24, அதன்பின் 3 என 27 ஆட்டங்கள் தேவை. ஒவ்வோர் அணியும் குறைந்தது மூன்று ஆட்டங்கள் ஆடும்.

கழக நிருவாகத்தின் பார்வையில் இரண்டாவது முறை ஆதாயமானது. ஒரே ஆட்டத்திற்காக முழு அணியையும் புவனேசுவரத்திற்கு அழைத்துச் செல்லும் செலவு பலருக்குச் சுமையாகும். ஒளிபரப்பாளருக்கும் ஆட்டங்கள் கூடுதலாகக் கிடைக்கின்றன. ஆயினும் குழுநிலை, கோப்பைப் போட்டிக்கே உரிய எதிர்பாராத்தன்மையைக் குறைக்கிறது. 2025 ஏப்ரல் 20 அன்று நடப்பு வாகையர் ஈஸ்ட் பெங்கால் முதலாட்டத்திலேயே கேரளா பிளாஸ்டர்ஸ் அணியிடம் 0–2 எனத் தோற்று வெளியேறியது. அதே சுற்றில் ஐ-லீக்கின் இன்டர் காசி கழகம், இந்தியன் சூப்பர் லீக் இறுதியில் ஆடிய பெங்களூரு எஃப். சி.யைச் சமன்நீக்கி உதைகளில் வீழ்த்தியது. மாறாக, 2025 அக்டோபரில் வெளிநாட்டவர் எவருமின்றி ஆடிய கோவாவின் டெம்போ கழகம் ஈஸ்ட் பெங்காலுடன் 2–2 எனவும் மோகன் பகானுடன் 0–0 எனவும் சமன் செய்தது. குழுநிலை என்பதால் இந்த இரு முடிவுகளும் டெம்போவை முன்னே கொண்டுசெல்லவில்லை. நேரடி வெளியேற்ற முறையாயின் இரண்டுமே சமன்நீக்கி உதைகள் வரை சென்றிருக்கும்.

காலமும் இவ்வாறே மாறியது. 2018, 2019, 2023 ஆகிய ஆண்டுகளில் பருவத்தின் இறுதியில் நடந்த போட்டி, 2024இல் சனவரி மாதத்திற்கு மாற்றப்பட்டது. அப்போது கத்தாரில் ஆசியக் கோப்பை நடைபெற்றதால் தேசிய அணி ஆட்டக்காரர்கள் தத்தம் கழகங்களுக்கு ஆட இயலவில்லை. 2025இல் ஒரே ஆண்டில் இரண்டு போட்டிகள் நடந்தன.

2025ஆம் ஆண்டு நெருக்கடி

தேசியக் கூட்டமைப்பு 2010 திசம்பரில் தனது வணிக உரிமைகளைப் பதினைந்து ஆண்டுகளுக்கு ஐ. எம். ஜி.-ரிலையன்ஸ் நிறுவனத்திற்கு வழங்கியது. இவ்வுரிமையின் அடிப்படையிலேயே பின்னர் கால்பந்து விளையாட்டு வளர்ச்சி நிறுவனம் (எஃப். எஸ். டி. எல்.) இந்தியன் சூப்பர் லீக்கை நடத்தி வந்தது. ஒப்பந்தம் 2025 திசம்பர் 8 அன்று முடிவுக்கு வரவிருந்தது. புதுப்பிப்பது குறித்து உடன்பாடு ஏற்படாததால், 2025 சூலையில் அந்நிறுவனம் அடுத்த பருவத்தை நிறுத்தி வைத்தது. தேசியக் கூட்டமைப்பின் அமைப்பு விதிகள் குறித்த வழக்கும் அப்போது உச்ச நீதிமன்றத்தில் நிலுவையில் இருந்தது.

இதன் விளைவுகள் உடனே தெரிந்தன. ஆகஸ்டில் பெங்களூரு எஃப். சி. ஆட்டக்காரர்கள், பணியாளர்களின் ஊதியத்தை நிறுத்திவைத்தது. சென்னையின் எஃப். சி. தனது முதல் அணியின் செயற்பாடுகளைத் தற்காலிகமாக நிறுத்தியது. அக்காலத்தில் நடைபெற்ற டூரண்ட் கோப்பையில் இந்தியன் சூப்பர் லீக் கழகங்களுள் ஆறு மட்டுமே பங்கேற்றன.

இச்சூழலில் தேசியக் கூட்டமைப்பு சூப்பர் கோப்பையை முன்னதாகவே நடத்த முடிவு செய்தது. 2025 அக்டோபர் 25 அன்று கோவாவில் போட்டி தொடங்கியது. புதிய வணிகப் பங்காளருக்கான ஒப்பந்தப்புள்ளிக் காலம் நவம்பர் 7 அன்று முடிந்தபோது ஒருவரும் விண்ணப்பித்திருக்கவில்லை. குழுநிலை ஆட்டங்கள் நடந்துகொண்டிருந்த வேளையில், அவற்றை ஆடிய அணிகளுக்குப் பின்னர் ஆடக் கூட்டிணைவு இருக்குமா என்பதே தெரியவில்லை. இறுதியாட்டம் திசம்பர் 7 அன்று, ஒப்பந்தம் முடிவதற்கு முந்தைய நாள் நடைபெற்றது. பின்னர் ஒன்றிய விளையாட்டு அமைச்சகத்தின் தலையீட்டால் 14 கழகங்கள், 91 ஆட்டங்கள் கொண்ட சுருக்கமான பருவம் 2026 பெப்ரவரியில் தொடங்கியது.

ஆக, 2025இன் பிற்பகுதியில் சூப்பர் கோப்பை கூட்டிணைவுக்குத் துணையாக அமையவில்லை. அது கூட்டிணைவின் இடத்தையே நிரப்பியது. ஆட்டக்காரர்களுக்குப் பல மாதங்களுக்குப் பின் கிடைத்த தேசியப் போட்டி என்ற வகையில் அதன் பயன் பெரிது. ஆனால் மூன்று ஆட்டங்கள் ஒரு பருவத்திற்கு ஈடாகா.

தமிழ்நாட்டுக் கழகங்கள்

தமிழ்நாட்டின் நோக்கில் 2019 போட்டியே முதன்மையானது. அந்தப் பருவத்தில் மாநிலத்தின் இரு தொழில்முறைக் கழகங்களும் நேர்மாறான நிலையில் இருந்தன. கோயம்புத்தூர் நேரு அரங்கைக் களமாகக் கொண்ட சென்னை சிட்டி எஃப். சி. ஐ-லீக் வாகையராகியிருந்தது. சென்னையின் எஃப். சி. இந்தியன் சூப்பர் லீக் பட்டியலில் கடைசி இடத்தில் இருந்தது.

சூப்பர் கோப்பையில் இரண்டும் அரையிறுதிக்கு வந்தன. சென்னை சிட்டி காலிறுதியில் நடப்பு வாகையர் பெங்களூரு எஃப். சி.யை 2–1 என வீழ்த்தி, அரையிறுதியில் எஃப். சி. கோவாவிடம் 0–3 எனத் தோற்றது. சென்னையின் மும்பை சிட்டி, நார்த்ஈஸ்ட் யுனைடெட், ஏ. டி. கே. ஆகிய மூன்றையும் வென்று இறுதிக்குச் சென்றது. கூட்டிணைவில் கடைசியாக வந்த கழகம் கோப்பையின் இறுதியில் ஆடியது வெளியேற்றப் போட்டியின் இயல்புக்குச் சிறந்த சான்றாகும். சென்னை சிட்டி தன் அரையிறுதியை வென்றிருந்தால், தேசியக் கோப்பை ஒன்றின் இறுதியில் இரு தமிழ்நாட்டுக் கழகங்களும் மோதியிருக்கும்.

அதன்பின் நிலைமை மாறியது. சென்னை சிட்டி 2020–21 பருவத்திற்குப் பின் ஐ-லீக்கில் ஆடவில்லை. சென்னையின் எஃப். சி. 2025 ஏப்ரலில் மும்பை சிட்டியிடம் 0–4 எனத் தோற்று ஒரே ஆட்டத்துடனும், அதே ஆண்டு அக்டோபரில் குழுநிலையுடனும் வெளியேறியது. தமிழ்நாட்டு ஆட்டக்காரர்கள் வெளிமாநிலக் கழகங்களில் சிறந்து விளங்கினர். சென்னையைச் சேர்ந்த நந்தகுமார் சேகர் 2023இல் ஒடிசாவுடனும் 2024இல் ஈஸ்ட் பெங்காலுடனும் என அடுத்தடுத்த இரு போட்டிகளில் இரு வேறு கழகங்களுக்காகக் கோப்பையை வென்றார். 2024 இறுதியாட்டத்தில் தமது முன்னாள் கழகமான ஒடிசாவுக்கு எதிராக ஈஸ்ட் பெங்காலின் முதல் கோலை அடித்தவரும் இவரே.

முதலிரு நிலைக் கூட்டிணைவுகளில் ஆடும் கழகம் தற்போது மாநிலத்தில் சென்னையில் மட்டுமே உள்ளது. விழுப்புரம் மாவட்டத்தின் பிரம்மதேசம் போன்ற ஊர்களிலிருந்து வரும் ஆட்டக்காரர் ஒருவருக்கு மிக அருகிலுள்ள தொழில்முறைக் களம் அதுவே. அவ்வூர்களின் உள்ளூர்க் கழகங்கள் சூப்பர் கோப்பைக்குச் செல்ல எவ்வித வழியும் இல்லை. இங்கிலாந்தின் எஃப். ஏ. கோப்பையில் சிற்றூர்க் கழகங்கள் உட்பட எழுநூறுக்கும் மேற்பட்டவை பல தகுதிச் சுற்றுகளின் வழியே பங்கேற்கின்றன. சூப்பர் கோப்பையோ பதினாறு அணிகளுக்குள் அடங்கியது.

கரிபியன் கோப்பையுடன் ஒப்பீடு

வளம் குறைந்த நாடுகளின் கழகங்களுக்குக் கோப்பைப் போட்டி எவ்வாறு பயன்படும் என்பதற்குக் கரிபியன் பகுதி ஓர் எடுத்துக்காட்டு. அங்கு ஒவ்வொரு தீவின் கூட்டிணைவும் சிறியது. 1997இல் தொடங்கி 2022 வரை நடைபெற்ற கரிபியன் கழக வாகையர் போட்டிக்குப் பதிலாக, வட, நடு அமெரிக்க, கரிபியன் கால்பந்துக் கூட்டமைப்பு (கான்ககாஃப்) 2023 முதல் கரிபியன் கோப்பையை நடத்துகிறது. பத்துக் கழகங்கள் இரு குழுக்களாக ஆடி, அரையிறுதியும் இறுதியும் இரு ஆட்டங்கள் கொண்டவையாக நடைபெறுகின்றன.

முதல் மூன்று இடங்களைப் பெறுபவை கான்ககாஃப் வாகையர் கோப்பைக்குச் செல்கின்றன. வாகையர் நேரடியாகப் பதினாறு அணிகள் கொண்ட சுற்றில் நுழைகிறார். 2023இல் சுரிநாமின் ராபின்ஹூட், 2024இல் யமேக்காவின் கேவலியர், 2025இல் அதே நாட்டின் மவுண்ட் பிளசண்ட் ஆகியவை வென்றன. கேவலியர் கழகம் 2025 மார்ச்சில் இன்டர் மயாமியைச் சந்தித்தபோது, கிங்ஸ்டன் அரங்கில் நடந்த இரண்டாவது ஆட்டத்தில் லியோனல் மெசி களமிறங்கிக் கோல் அடித்தார்.

குழுநிலை அங்கும் உண்டு என்பதால், வேறுபாடு அமைப்பில் மட்டும் இல்லை. எந்த மாதங்களில் போட்டி நடைபெறும், எத்தனை கழகங்கள் ஆடும், வென்றால் எங்கு செல்லலாம் என்பவை கரிபியன் கழகம் ஒன்றுக்கு முன்கூட்டியே தெரியும். அதற்கேற்ப ஒப்பந்தங்களையும் செலவையும் அது திட்டமிட இயலும்.

மதிப்பீடு

சூப்பர் கோப்பை தோல்வியுற்ற போட்டி எனக் கூற இயலாது. ஒடிசாவுக்கு முதற்கோப்பையையும், ஈஸ்ட் பெங்காலுக்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் தேசியக் கோப்பையையும், கோவாவுக்கு ஆசியக் களத்தையும் இது அளித்தது. ஆனால் இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு விதிகளின் கீழ் கிடைத்தவை. ஆறு போட்டிகளில் தொடர்ச்சியாக நிலைத்தது பெயர் மட்டுமே.

கூட்டிணைவின் நாட்காட்டி முடிவான பின் எஞ்சும் வாரங்களில் கோப்பையைப் பொருத்துவதே இதுவரை வழக்கமாக உள்ளது. கூட்டிணைவு தடுமாறினால் கோப்பை முன்னே இழுக்கப்படுகிறது. கூட்டிணைவு நீண்டால் பின்னே தள்ளப்படுகிறது. ஆசியத் தகுதி நிலையாக உறுதி செய்யப்படுதல், காலம் முன்கூட்டியே அறிவிக்கப்படுதல், கீழ்நிலைக் கழகங்களுக்குத் தகுதிச் சுற்று மீண்டும் அளிக்கப்படுதல் ஆகிய மூன்றும் பெரும் செலவின்றிச் செய்யக்கூடியவை. 2018இல் தகுதிச் சுற்று இருந்தது என்பதும், 1977 முதல் 2017 வரை ஒரே பெயரில் ஒரு கோப்பை தொடர்ந்தது என்பதும் இவை இந்தியச் சூழலுக்குப் புதியவை அல்ல என்பதைக் காட்டுகின்றன.